சௌந்தரவல்லியின் முகம்

செவ்வாய்க் குடியிருப்பில் துக்கத்துக்கு வருகிறவர்கள் வாசலில் செருப்பையும் இடது கண்ணையும் கழற்றி வைப்பது வழக்கம். அம்பலவாணர் வீட்டில் அவர் மனைவியின் பதினாறாம் நாள் காரியத்திலும் அப்படித்தான். பார்த்ததையெல்லாம் பதிந்து வைக்கும் செயற்கைக் கண்கள் தாம்பாளம் நிறையக் கிடந்தன. வீட்டு இயந்திரமான ஏவலன் ஒவ்வொன்றாகத் துடைத்து, உள்ளே இருந்த பதிவுகளை எடுத்துக்கொண்டது.

இறந்தவரைப் பார்த்த கண்களிலிருந்தெல்லாம் பொறுக்கி ஒரு முகம் சேர்த்துத் தருவார்கள். முகத்திரட்டு என்று பெயர். அம்பலவாணருக்கு அது கட்டாயம் வேண்டியிருந்தது. பூமியில் ஒரு பழைய கோபுர வாசலில் ஆடும் கல்மங்கையரின் கரணங்களை, அதாவது நடன நிலைகளை, வரைந்தே பேர் வாங்கிய ஓவியர் அவர். அந்தக் கரணங்களை ஆடிக் காட்டியவள் மனைவி சௌந்தரவல்லி. செவ்வாயில் உடம்புக்கு எடை குறைவு. மிதித்த கால் தரையில் நிற்காது. ஈயச் சலங்கை கட்டிக்கொண்டு ஆடினாள், பாவம். அவளை அவர் ஒருமுறைகூட வரைந்ததில்லை. இப்போது ஊர் மண்டபச் சுவரில் ஆளுயரத்துக்கு வரைய ஆசைப்பட்டார். கண்ணை மூடினால் அவள் முகம் வரவில்லை.

"திரட்டு முடிந்தது. முகம் கிடைக்கவில்லை" என்றது ஏவலன்.

"என்னது? ஊரே பாத்துச்சே அவ ஆட்டத்த!"

"எல்லோரும் கண்ணைக் கழற்றி, கையை நீட்டி, தங்களைத்தான் படம் எடுத்துக்கொண்டார்கள். பின்னால் அவர் கலங்கலாக இருக்கிறார்."

"அவங்கள விடு. என் கண்ணு?"

ஏவலன் சுவரில் ஓட்டிக் காட்டியது. கல்மங்கை உளி பட்ட தடம் வரை துல்லியமாக நின்றாள். அவளுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. நிலை சரியா என்று ஒப்பிட, ஒவ்வோர் ஆட்டத்திலும் அவர் கண்ணுக்குள் கல்லுருவை ஏற்றி வைத்திருந்தார். கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள். இவர் கல்லைக் கண்டார், கட்டியவளைக் காணோம்.

"வீட்டுல?"

"வீட்டில் நீங்கள் வரைந்துகொண்டிருந்தீர்கள்."

ஆட்டம் முடிந்து மூச்சிரைக்க வந்து அவள் கேட்டது மட்டும் பதிவில் ஒலித்தது.

"எப்படிங்க இருந்துச்சு?"

"இடது முழங்கை கொஞ்சம் தாழ்ந்துபோச்சு வல்லி."

அம்பலவாணர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். போன மாதம்தான் பழைய கண்ணை எறிந்துவிட்டுப் புதுக் கண் மாற்றியிருந்த கொழுந்தியாள் நாச்சியார் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"எனக்கும் அக்கா ஜாடைதானே அத்தான். என்னப் பாத்து வரைஞ்சிடுங்களேன்."

"வேணாம்மா. அது பொய்."

வரைந்தார். கால், ஈயச் சலங்கை, தாழ்ந்த இடது முழங்கை எல்லாம் அப்படியே வந்தன. முகத்தின் இடத்தை வெறுமையாக விட்டார். தான் பார்க்காமல் போனதை ஊர் பார்க்கட்டும் என்று நினைத்தார்.

திறப்பு விழாவுக்கு நல்ல கூட்டம். ஒரு பெண் கண்ணைக் கழற்றிக் கணவனிடம் கொடுத்துவிட்டு, ஓவியத்தை ஒட்டி நின்று, அந்த வெறுமைக்கு நேராகத் தன் முகத்தைப் பொருத்திக்கொண்டாள்.

"நம்ம மூஞ்சிய வெக்கத்தான் எடம் விட்டிருக்காரு, பாத்தீங்களா? என்ன யோசனை!"

உடனே பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. அம்பலவாணர் சுவரையே பார்த்தபடி நடுவில் நின்றார்.

"பெரியவரே, கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? மறைக்குது."

தள்ளி நின்றார். வல்லியின் கழுத்துக்கு மேல் ஒவ்வொரு முகமாக வந்து சிரித்துவிட்டுப் போயிற்று. அன்று அவர் கண்ணில் அத்தனை முகங்களும் துல்லியமாகப் பதிவாயின.