அழித்த கட்டங்கள்

படத்தில் வெறும் மணல்தான் இருந்தது. ஆனாலும் அந்த மணலுக்கு மேலே, கலங்கிய பச்சைத் தண்ணீருக்குள், மெல்லிய சிவப்புக் கட்டம் ஒன்று நின்றது. ஒடுங்கலாக, நெட்டுவாக்கில், ஒரு ஆள் நிற்கிற மாதிரி. அதன் தலைமாட்டில் ஒரு சொல்: அவர். பக்கத்தில், 61 சதவீதம்.

ஈவாஞ்சலின் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

மில்லர்புரத்து வீட்டில் மத்தியான நேரத்து அமைதி. ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒருதரம் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. உப்பளத்துப் பக்கமிருந்து வந்த காற்று ஜன்னல் திரையை உப்பவைத்து, மூச்சு வாங்குவதுபோலத் திரும்ப இழுத்துக்கொண்டது. மகள் கிருபா பள்ளிக்கூடத்திலிருந்து வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

கடலடியில் முத்துச்சிப்பிகளை எண்ணுவதற்கு ஒரு ஆராய்ச்சிக் குழு ரோபோ ஒன்றைப் பழக்கிக்கொண்டிருந்தது. அது எடுக்கும் படங்களில் சிப்பி எது, பாறை எது, அறுந்த வலை எது என்று கட்டம் போட்டுப் பெயர் எழுதுவது ஈவாஞ்சலினின் வேலை. ஆயிரக்கணக்கில் போட்டுக் காட்டினால் மெஷின் பார்த்துப் படித்துக்கொண்டு தானே போடும்; எத்தனை சதவீதம் நிச்சயம் என்றும் பக்கத்தில் எழுதும். இந்த வாரம்தான் அப்படிப் போடத் தொடங்கியிருந்தது.

அவள் கணவன் நேசக்குமாரும் அந்தக் குழுவில்தான் இருந்தான். போன ஐப்பசியில் முத்துப்பாறைகளுக்கு மேலே படகு கவிழ்ந்தது. மற்றவர்களைக் கரைசேர்த்தார்கள். அவனை மட்டும் கடல் தரவில்லை. கோயிலில் சவப்பெட்டி இல்லாமலே ஜெபம் நடந்தது. இரண்டு மாதம் கழித்து, வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி ஏதாவது வேலை கொடுங்கள் என்று இவளே போய்க் கேட்டாள். சும்மா இருக்க முடியவில்லை என்று சொன்னாள்.

அவளுக்கு அந்தக் கடலடியைப் பார்க்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

எட்டு மாதமாகப் பார்த்தாள். பாறை இடுக்கில் சட்டைக்கை மாதிரி ஏதோ தெரியும். கலங்கலுக்கு அப்பால் தோள் மாதிரி ஒரு நிழல் விழும். அதைச் சுற்றி ஒரு கட்டம் இழுத்து, 'அவர்' என்று எழுதி, கன்னத்தில் கைவைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு அழித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போவாள். ஒன்றைக்கூட அவள் அனுப்பியதில்லை.

இன்றைக்கு அவள் எதையும் வரையவில்லை.

அடுத்த படத்தைத் திறந்தாள். ரோபோ நகர்ந்திருந்தது; பாறையெல்லாம் பின்னால் போய்விட்டது. கட்டம் போகவில்லை. அவர், 66. அடுத்த படம். அவர், 72. கட்டம் பெரிதாகியிருந்தது.

குழுவிலிருக்கும் சிவபாலனுக்குப் போன் போட்டாள். நேசக்குமாரை அண்ணன் அண்ணன் என்று சுற்றி வந்தவன்.

"சிவபாலா, நான் கட்டம் போட்டு அழிச்சிட்டா, அது போயிரும்லா?"

"போகாதுக்கா. போட்டது அழிச்சது எல்லாம் டேட்டாபேஸ்ல கிடக்கும்." கொஞ்சம் தயங்கினான். "இந்தத் தடவ அழிச்சதையும் சேத்துத்தான் படிக்க வச்சிருக்கோம். ஏங்க்கா?"

சொன்னாள். பாதிதான் சொல்ல முடிந்தது.

"அண்ணனத் தேடினீங்களாக்கா?"

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அது நிழலப் பாத்து ஏமாறுதுக்கா. அதே மெஷின் போன்ல ஓடுற மாதிரி ஒரு ஆப் அனுப்புதேன். போன் கேமராவ வீட்டுக்குள்ள சும்மா காட்டிப் பாருங்க. ஒண்ணும் வராது. ஒங்களுக்கே மனசு லேசாயிரும்."

அடுக்களையில் காட்டினாள். ஒன்றும் வரவில்லை. படுக்கையறையில் காட்டினாள். பீரோவைத் திறந்து, மடித்துவைத்த அவன் சட்டைகளுக்கு முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டம் விழவில்லை. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அழுகைதான் வந்தது. அந்தச் சட்டைகளிடம் "ஒருதரம் காட்டேன்" என்று கெஞ்சினாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று தெரியாது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து, ஜன்னல் வழியே தெருவுக்குக் காட்டினாள்.

வெயில் காய்ந்த தார் ரோடு. நிறுத்திவைத்த ஒரு பைக். தெருமுனையில், டிரான்ஸ்பார்மருக்குக் கீழே, சிவப்புக் கட்டம்.

அவர், 83.

போனைத் தாழ்த்தினாள். தெருமுனையில் யாரும் இல்லை. உயர்த்தினாள். இரண்டு கட்டம். சுவரோரம் இன்னொன்று. அதற்குப் பின்னால் நாலைந்து. ஒன்று குட்டையாக, பிள்ளை உயரத்துக்கு. எல்லாவற்றின் தலையிலும் ஒரே சொல்.

அவர். அவர். அவர்.

எத்தனை நிழலுக்கு அந்தப் பேரை வைத்தாள்? எண்ணிக்கை இல்லை. கடலுக்குள் கிடப்பது யார் யாரென்று அவளுக்கு எப்படித் தெரியும்? எல்லாரையும் ஒரே பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தாள்.

ஆட்டோ வந்து நின்றது. கிருபா இறங்கினாள். டிரைவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

பிள்ளை பையைத் தோளில் போட்டபடி கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவளுடைய வலது கை மேலே உயர்ந்திருந்தது. விரல்கள் எதையோ சுற்றிப் பிடித்திருந்தன. ஒன்றும் இல்லாத இடத்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள்.

"மெதுவா வாங்க, அப்பா. இங்கன படி இருக்கு."

ஈவாஞ்சலின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எட்டு மாதம். எட்டு மாதம் தேடியிருக்கிறாள். போனை உயர்த்தினாள். பிள்ளையின் கையை ஒட்டி ஒரு கட்டம் நின்றது.

அவர், 99.

நேசக்குமார் குள்ளம். அவளைவிட இரண்டு விரல்தான் உயரம்.

கட்டத்தின் உயரம் கேட்டைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, வாசல் நிலைக்கும் மேலே போயிருந்தது.

"கிருபா, கைய விடு." குரல் வெளியே வரவில்லை.

பிள்ளை படியேறினாள். செருப்பைக் கழற்றினாள். கையை விடவில்லை. அவளுக்குப் பின்னால், போன் திரையில், கட்டம் மேலிருந்து மெல்லக் குறுகத் தொடங்கியது.

குனிகிறது.

வாசலுக்குள் வர.