எட்டாம் கட்டிலில் ஒரு தாடி

"ஐயோ...!"

எல்லம்மா போட்ட கூச்சலில் ஆம்பூரின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியே விழித்துக்கொண்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு. ஊரெல்லாம் விஷக் காய்ச்சல். கட்டில்கள் எட்டே எட்டு. தாழ்வாரத்தில் படுத்திருந்தவர்களை எண்ணுவதை எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

அங்கே மனைவி ரங்கம்மாளின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்த ஏட்டு ஆதிகேசவன் உள்ளே ஓடினார்.

"இன்னா எல்லம்மா?"

ஆஸ்பத்திரி வேலைக்காரி, நோயாளி முனியம்மாவின் எட்டாம் கட்டிலைக் காட்டினாள்.

"முனியம்மாவுக்குத் தாடி மொளச்சிருக்குது ஏட்டையா..."

போர்வையை உருவினார். தாடிதான். மருதாணி பூசி, வாரிவிட்ட தாடி. அதற்குச் சொந்தக்காரர், தோல் பதனிடும் ஷாப்பு முதலாளி சர்தார் பாஷா.

"சலாம் ஏட்டு சாப்," என்றார்.

டாக்டர் சாமுவேல் வந்து பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பாய், முந்தாநாள்தான் உங்களைப் பார்த்தேன். உங்களுக்கு ஒரு நோயும் இல்லையே?"

"இல்லதான் சாப். வந்தப்புறம் கேட்டா கட்டில் கெடைக்குமா? அதான் முன்னாடியே வந்துட்டேன்."

நேற்று டாக்டர் வாணியம்பாடி போயிருந்த சமயம் பார்த்து நுழைந்திருக்கிறார். போர்வைக்குள்ளிருந்து நீண்ட கையில் எல்லம்மாவும் மூன்று வேளை கஞ்சியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"முனியம்மா எங்க?"

"அது வியாபார ரகசியம்."

டாக்டர் மெல்ல ஏட்டின் பக்கம் திரும்பினார். பிழைக்க வழியுள்ளவர்களுக்கே கட்டில், வந்த வரிசைப்படி. அதுதான் அவர் சட்டம். எட்டாம் கட்டில் காலியானால் அடுத்தது ரங்கம்மாள்!

"முனியம்மா எப்ப போவான்னு நீங்ககூட கேட்டீங்களே, ஏட்டு?"

"வீட்டுக்கு எப்ப போவான்னுதான் கேட்டேன் டாக்டர்."

வாய் அப்படித்தான் கேட்டது. மனது வேறு மாதிரியும் கேட்டிருந்தது. ஆதிகேசவனுக்கு வெட்கமாக இருந்தது. ரங்கம்மாளின் இருமலைக் கேட்டதும் அந்த வெட்கமும் போய்விட்டது.

குனிந்தார். கட்டிலடியில் கல் உப்பு! வாசல் வரை சிந்தியிருந்தது. பச்சைத் தோலுக்குத் தடவுகிற உப்பு. வாசலில் மாட்டு வண்டித் தடம்.

கூட்டிக் கழித்தார். தோல் வண்டிதான்... அந்த நாற்றத்துக்கு எவன் பக்கத்தில் போய் வண்டிக்குள் எட்டிப் பார்ப்பான்?

பாஷாவின் ஷாப்புக்கு ஓடினார். தோல் உலர்த்தும் கொட்டகையில் பிணம் கிடக்கும் என்று நினைத்தார்.

ஒரு தோலைக்கூடக் காணோம். வரிசையாகப் பாய்கள். பாய்களில் நோயாளிகள். நடுவில் கஞ்சி அண்டா. அகப்பையோடு முனியம்மா!

"வாங்க ஏட்டையா. கஞ்சி குடிக்கிறீங்களா?"

"உனக்குக் காய்ச்சல் இல்லியா?"

"அது எப்பவோ வுட்டுப் போச்சு. டாக்டரு காய்ச்சல் பாக்குற குச்சிய என் வாயில வெக்க வர்றதுக்கு முன்னாடி சூடா ஒரு வாய் கஞ்சியக் குடிச்சி வெச்சுக்குவேன்."

"எதுக்கு?"

"கட்டிலுக்குக் கிராக்கி ஏறட்டும்னுதான்."

ஆதிகேசவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் பெஞ்சாதி அங்க தரையில கெடக்குறா. நீ சும்மா கட்டில அடைச்சிக்கினு கெடந்தியா?"

முனியம்மா அகப்பையை வைத்தாள்.

"தப்புதான் சாமி. ஆனா எங்க தெருவுல ஊட்டுக்கு ரெண்டு பேரு கெடக்குறாங்க. அவுங்களுக்கு ஏது கட்டிலு? மொதலாளி பயந்துக்கினு வந்து, இன்னா வேணும்னாரு. கொட்டாய வுடு, கஞ்சிக்கு அரிசி குடு, பாலு குடு, வண்டி குடுன்னேன். குடுத்தாரு. ஒரு கட்டிலக் குடுத்து ஒரு ஆஸ்பத்திரிய வாங்கினேன்."

ஏட்டு கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். நான்கு பக்கமும் காற்று.

"ஒங்க ஊட்டம்மாவுக்கும் அந்த ஓரத்துல பாய் போட்டிருக்கேன். பாலு எடுத்து வெச்சிருக்கேன்," என்றாள், தலையைத் தூக்காமல்.

தோல் ஷாப்பு இருக்கும் தெருவில் நடந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்பவள் ரங்கம்மாள். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி அவளைத் தோல் வண்டியில் ஏற்றினார்.

"நாத்தம் அடிக்குதுங்க," என்று முனகினாள்.

"நாத்தம் தெரியுதா? அப்ப பொழச்சுக்குவ," என்றார். கண் கலங்கியது.

பிறகு மீசையை முறுக்கிக்கொண்டு உள்ளே போனார்... பாஷாவின் தாடியைப் பிடித்து இறக்கிவிட்டு, வரிசையில் அடுத்த ஆளை ஏற்றுவதற்கு.

டாக்டர் குறுக்கே வந்தார். கையில் தெர்மாமீட்டர்.

"தொடாதீங்க ஏட்டு. நூத்தி மூணு!"

"இன்னா?"

"ஏழாம் கட்டில்காரன் ராவெல்லாம் இவர் மூஞ்சியிலதான் இருமினானாம். அசல் விஷக் காய்ச்சல். பிழைக்க வழியிருக்கு, தூக்கினா போயிடுவார். என் சட்டப்படி இப்ப இந்தக் கட்டில் இவருக்குத்தான்."

போர்வைக்குள் பாஷாவின் பற்கள் தந்தியடித்தன.

"ஏட்டு சாப்... இந்தக் கட்டிலே வேணாம்... என்னக் கைது பண்ணி வெளிய கூட்டிப் போங்க... எங்க கொட்டாயிலயே ஒரு பாய் குடுக்கச் சொல்லுங்க..."

ஆதிகேசவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"திருடின பொருளோட திருடனப் புடிச்சிருக்கேன் பாய். திருடின பொருளே திருடனப் புடிச்சி வெச்சிருக்கறத இப்பத்தான் பாக்குறேன். அது புடியில நான் தலையிட மாட்டேன்!"