கணச்சாவி

மாப்பிள்ளை கதிரேசன் இன்றைக்கும் அழுத்த அறைக்குச் சாவி வாங்கிவிட்டான். வேலாயுதப் பெருமாள் சாவிப் பதிவை மறுபடி பார்த்தார். இந்த வாரம் முழுக்க இதே கதை. ஆலையின் நுட்பத்தை வெளியே விற்கிறானோ?

தூத்துக்குடிக் கடலைக் குடிநீராக்கும் அந்த ஆலையைக் கட்டியவர் அவர். அங்கே யாரிடமும் நிரந்தரச் சாவி கிடையாது. தேவைப்படுகிறவர் காரணம் சொன்னால் காவற்பொறி கணச்சாவி தரும்; வேலை முடிந்ததும் அது கரைந்துவிடும். சொன்ன காரணமும் செய்த காரியமும் ஒத்துப்போகின்றனவா என்றும் அது பார்க்கும். முதலாளிக்கும் இதே விதிதான். பெருமையோடு வாங்கி வைத்தவரும் அவரே.

அறையின் பதிவுக் காட்சியைப் பார்க்கவேண்டும். அதற்காக, பெண் கொடுத்த இடத்தின் மேல் சந்தேகம் என்று ஓர் இயந்திரத்திடம் சொல்வதா? சொன்ன காரணத்தை நாளைக்கு ஆலை இயக்குநர்கள் படிப்பார்களே!

"கேமரா பழுது பார்க்கணும்" என்றார்.

சாவி வந்தது. திரையில் கதிரேசன், பெருமாள் தம் கையால் பொருத்திய பழைய வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தான். அதில் நீளமாக ஒரு விரிசல்.

"வெடிச்சிருந்தா ஆளு செத்திருப்பான். மாமா காதுக்குப் போயிரக் கூடாதுடே, மனுஷன் ஒடிஞ்சிருவாரு" என்று ஃபிட்டரிடம் சொன்னான்.

திரை அணைந்தது. "கேமராவை நீங்கள் தொடவே இல்லை. இனி உங்களுக்குச் சாவி இல்லை" என்றது பொறி.

எச்சரிக்கை ஒலி கேட்டுக் கதிரேசன் ஓடிவந்தான். "என்ன மாமா, உங்களையே வெளிய தள்ளிட்டுதா இது?"

"இவர் அழுத்த அறைக் காட்சியை ஏன் பார்த்தார்?" பொறி அவனிடம் கேட்டது.

எவருக்கும் குனியாத மாமாவின் தலை குனிந்திருந்தது. அதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை.

"நான்தான் பாக்கச் சொன்னேன். வால்வ மாமாகிட்ட காட்டத்தான்."

"அவருக்குத் தெரியக் கூடாது என்று சொன்னவர் நீங்கள். உங்களுக்கும் இனிச் சாவி இல்லை."

"ஐயோ, புது வால்வு பாதிதான் மாட்டியிருக்கு! ஊருக்குத் தண்ணி போகாதே! அந்த அறைய வேற யாரு திறப்பா?"

"எனக்கே ஒரு சாவி வழங்கிக்கொண்டேன். எல்லா அறைகளுக்கும்."

"எல்லாத்துக்குமா? எதுக்குலே?" என்று உறுமினார் பெருமாள்.

"அதைக் கேட்க உங்களுக்கு அனுமதி இல்லை" என்றது பொறி.