முஹ்சினா தூக்கிய கை

திண்டுக்கல் மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கபடி இறுதிப் போட்டியில் முஹ்சினாவின் அணியும் குஜிலியம்பாறை அணியும் சமம். எதிரணி கடைசியாக ஒரு முறை பாடி வர வேண்டியதுதான் பாக்கி.

குஜிலியம்பாறை அணியின் சுகன்யா "கபடி, கபடி" என்று பாடிக்கொண்டே வந்தாள். இங்கே பாய்ந்தாள், அங்கே பாய்ந்தாள், தன் பக்கம் திரும்பி ஓடிவிட்டாள்.

நடுவர் அல்போன்சா கையை விரித்தார். சுகன்யா யாரையும் தொடவில்லையாம்!

முஹ்சினாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுகன்யாவின் விரல் நுனி அவளுடைய முழங்கையில் பட்டிருந்தது.

"தொட்டுட்டா கையைத் தூக்கிட்டு வெளிய போயிரணும் பிள்ளைகளா. நடுவர் பாத்தாரா இல்லையான்னு பாக்கக் கூடாது." பயிற்சியாளர் மணிமாறன் சார் தினமும் சொல்வது இது.

ஆனால் அவர்கள் கபடிக் கழகத்தின் செயலாளர் சௌகத் அலி காலையில்தான் கத்தியிருந்தார். "இம்புட்டு வருசத்துல ஒரு கோப்பை உண்டா மணிமாறன்? இன்னைக்கும் தோத்தா நாங்க வேற கோச் பாத்துக்கிறோம்!"

கையைத் தூக்கினால் சார் போய்விடுவார். தூக்காவிட்டால் சாரின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

முஹ்சினா கையைத் தூக்கினாள். விறுவிறுவென்று வெளியே நடந்தாள்.

கூட்டம் எழுந்து நின்று எட்டிப் பார்த்தது.

சுகன்யாவே ஓடி வந்தாள். "ஏய், நான் உன்னைத் தொட்டேனா? எனக்கே தெரியலையே!"

ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் முஹ்சினாவின் அணி தோற்றது.

"என்னாலதான் சார் நீங்க போகப்போறீங்க" என்று தேம்பினாள் முஹ்சினா.

"அது கிடக்கட்டும். முழங்கையில அடி படலையே?" என்றார் சார்.

சௌகத் அலி கோபமாக வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நடுவர் அல்போன்சா வந்து மணிமாறன் சாரைக் கும்பிட்டார். "நல்லாருக்கீங்களா சார்?"

"உங்களுக்கு இவரைத் தெரியுமா?" என்றார் சௌகத் அலி.

"இவருகிட்டதான் நான் கபடி கத்துக்கிட்டேன்."

சௌகத் அலிக்குத் தலை சுற்றியது. "யா அல்லாஹ்! உங்ககிட்ட படிச்ச பிள்ளையே நடுவரா நின்னுமா தோத்தீங்க?"

"இவருகிட்ட கத்துக்கிட்டதாலதான் தோத்தாங்க" என்று சிரித்தார் அல்போன்சா. "நானும் ஒரு ஃபைனல்ல இப்படிக் கையைத் தூக்கினவதான்."

சௌகத் அலி அல்போன்சாவைப் பார்த்தார். முஹ்சினாவைப் பார்த்தார்.

பிறகு தொண்டையைச் செருமினார். "எம்மக இஃப்பத்துக்கு எட்டு வயசாச்சு. நாளைக்குக் காலையில எத்தனை மணிக்கு அனுப்பட்டும்... சார்?"

செயலாளர் வாயிலிருந்து 'சார்' வந்ததா! முஹ்சினா அழுகையை மறந்தாள்.

இந்த முறை அவள் இரண்டு கைகளையும் தூக்கினாள்.