கட்டிலின் உயரம்

அண்ணனின் தொடை எலும்பு முறிந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. குளியலறை வாசலில் கால்மிதி சற்றே நகர்ந்தது; அவ்வளவுதான். வேறொரு பையனாக இருந்தால் முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போயிருப்பான். அண்ணனுக்கோ பிறவியிலிருந்தே தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் நோய். தசை தளர்ந்தால் எலும்பும் மெலிந்துவிடுமாம்.

ஆஸ்பத்திரியில் எலும்புக்குள் கம்பி வைத்தாயிற்று. "இன்னிக்கே எழுந்து நிக்கணும். படுத்தே கிடந்தா காலுக்கு நடக்கிறதே மறந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனார் மருத்துவர்.

வராந்தாவில் அம்மா அப்பாவிடம் விம்மினாள். "என் தம்பிக்கும் இதே நோய்தானே? அவனும் இப்படித்தான் விழுந்தான். அப்புறம் நிக்கவே இல்லையே!"

அது தங்கையின் காதில் விழுந்தது. கட்டிலில் கிடந்த அண்ணனின் காதிலும் விழுந்தது.

பிசியோதெரபி அக்கா வந்து, அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். தளர்ந்த தோள்கள் மட்டும் காதுவரை ஏறின, உடம்பு அசையவில்லை. பக்கத்துக் கட்டில் பையன் களுக்கென்று சிரித்துவிட்டான்.

அண்ணன் கண்களை மூடிக்கொண்டான். "விடுங்கக்கா. மாமா மாதிரிதான் நானும். எதுக்கு வீண் வேலை?"

தான் அழுதால் அவனும் அழுவான் என்று தங்கை கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஏய் வாலு, தலை சுத்துதுடி. எங்கயாவது உக்காரு."

அவள் சட்டென்று நின்றாள். வீட்டில் அண்ணன் தாழ்வான நாற்காலியில் உட்காரவே மாட்டான். உட்கார்ந்தால் எழ முடியாது. உயரமான முக்காலிதான் அவனுக்கு. அதிலிருந்து எழ வேண்டியதில்லை. சறுக்கி இறங்கினால் போதும்.

"அக்கா, இவனைத் தூக்காதீங்க. கட்டிலைத் தூக்குங்க!"

"கட்டிலையா?"

அவள் அதற்குள் கால்மாட்டில் குனிந்து கைப்பிடியைச் சுழற்றத் தொடங்கியிருந்தாள். கட்டில் முனகிக்கொண்டே உயர்ந்தது.

"இடுப்பை மட்டும் பிடிச்சுக்குங்கக்கா. எறங்குண்ணா."

"விழுந்துட்டா?"

"முன்னாடி நான்தானே நிக்கறேன், என் மேலதான் விழுவே. நான் நசுங்கிட்டா என் வீட்டுப்பாடத்தை நீ எழுதிடு."

அண்ணன் விளிம்பிலிருந்து மெல்லச் சறுக்கினான். பாதங்கள் தரையைத் தொட்டன. இரு கைகளையும் அவள் தோளில் ஊன்றி நின்றான். முட்டிகள் வெடவெடத்தன. ஒரு மூச்சு நேரம்தான். பின் அக்காவின் கைகளில் சாய்ந்துவிட்டான்.

"நாளைக்கும் நிப்பேனா?"

வாசலில் வந்து நின்ற அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கைக்கோ பொய் சொல்ல வரவில்லை.

"தெரியலண்ணா. ஆனா, நாளைக்கும் நான்தான் கட்டிலை ஏத்துவேன்."

அண்ணன் கட்டிலின் கைப்பிடியைப் பார்த்தான்.

"ஏத்து" என்றான்.