டொபிக்குத் தெரிந்த மொழி

தமிழில் ஒரு சொல் போதும், ஓடி வந்துவிடும்... ஆனால் இங்கே, நடுரோட்டில், எப்படி?

லீலாதேவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பஸ் ஹோல்ட்டில் ஆறேழு பேர் நின்றார்கள். அவர்களில் ஒருவனுடைய குடையைக் கவ்விக்கொண்டு டொபி வட்டமடித்தது. ஆறு மாதக் குட்டி. "மெஹெ எந்ட" என்று சிங்களத்தில் கூப்பிட்டாள். அது காதைக்கூட அசைக்கவில்லை. வீட்டுக்குள் தமிழ் கேட்டே வளர்ந்த நாய்க்கு எங்கே விளங்கப் போகிறது?

போன வருஷம், எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அப்பா போட்ட சட்டம். அனிவத்தை வீட்டுப் படலையைத் தாண்டினால் தமிழ் கூடாது. அரசாங்கக் கச்சேரியில் இருபது வருஷம் வேலை செய்த மனிதர், பக்கத்து வீட்டு அலுமாரிக்குப் பின்னால் இரண்டு பகல் ஒளிந்திருந்தவர்... அவரிடம் என்னவென்று மறுப்பது?

குடைக்காரன் துரத்தவில்லை. தூறலில் நனைந்தபடி சிரித்தான். கண்களும் சேர்ந்து சிரித்தன. அவளுக்கு ஏனோ கோபம் வந்தது. ஒருவழியாகப் பிடுங்கிய குடையை, கிழிசலோடு நீட்டி மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை, குடைக்கும் வயதாகிவிட்டது என்று சிங்களத்தில் சொன்னான். பெயர் தர்மாவாம். மருந்துக் கடையில் வேலையாம். அவள் லீலா என்றாள். பாதிப் பெயர்தான். சிங்களத்திலும் செல்லும்.

பிறகு மூன்று கிழமை, ஒவ்வொரு காலையும் அந்த ஹோல்ட். டொபி ஒருநாள் அவனுடைய சோற்றுப் பார்சலை அவிழ்த்தது. இன்னொரு நாள் ஒற்றைச் செருப்பை ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் போட்டது. ஒற்றைக் காலில் நின்றபடி, இந்த நாயைப் பொலிஸில் பிடித்துக் கொடுக்கப் போவதாக அவன் மிரட்டினான். அவள் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்தால் ஒன்றும் ஓடாது. அரிசி கழுவும்போது அந்தக் கண்கள்... ஒரு சிங்களப் பொடியனையா? அப்பாவுக்குத் தெரிந்தால்? அதைவிட, நான் யாரென்று அவனுக்குத் தெரிந்தால்? அவனுக்குப் பிடித்திருப்பது யாரை? அப்படி ஒரு லீலா உலகத்திலேயே இல்லையே...

அந்த வெள்ளிக்கிழமை டொபி சங்கிலியை உருவிக்கொண்டு ரோட்டில் பாய்ந்தது. வளைவில் பஸ்.

"நில்லடா!" என்று தமிழில் கத்திவிட்டாள்.

அதே கணம் அவனும் கத்தினான். "டேய், நில்லு!"

டொபி அப்படியே நின்றது. பஸ் உரசிக்கொண்டு போனது. ஹோல்ட்டில் நின்றவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவளும் அவனும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்... இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல.

அவள் நாயைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். ஐந்து நாள் வேறு ஒழுங்கையால் நடந்தாள். என்னைப் போலவே பயந்த ஒருவனுக்கா இத்தனை நாள் பயந்தேன்? நினைக்க நினைக்க வெட்கமும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன.

ஆறாம் நாள் அந்த ஒழுங்கை முனையில் அவன் நின்றான். மழை. வேறு யாருமில்லை.

"கோவமாங்க?"

"மூண்டு கிழமை என்னை ஏமாத்திப்போட்டீங்கள்."

"நீங்க மட்டும் என்னவாம்? ஒங்க சிங்களத்தக் கேட்டு நான் நடுங்கிட்டேன். தப்பா வந்துரக் கூடாதேன்னு, பேச வேண்டியத ரூமுலயே பேசிப் பாத்துட்டுத்தான் வருவேன்."

அவளும் அப்படித்தான், குசினிக்குள் சமைத்தபடி. சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

முழுப்பெயர் தர்மலிங்கம், ஊர் பன்வில தேயிலைத் தோட்டம் என்றான். ஜூலையில் கடைக்குத் தமிழரைத் தேடி ஆட்கள் வந்தபோது, இவன் என் அக்காவின் மகன் தர்மா என்று சிங்கள முதலாளி சொன்னாராம். அந்தப் பாதிப் பெயரில் தப்பிய உயிர். ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவைப் பார்க்க வரட்டுமா என்று கேட்டான்.

"தோட்டத்துப் பையன்னு மொகஞ் சுளிப்பாரு, இல்ல?"

"சுளிப்பார்தான். அவரோட நான் கதைக்கிறன்."

அவன் குடையை அவள் பக்கம் சாய்த்தான். "ஒங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு... ஒண்ணு மட்டும் கேக்குறேன். வெளியில நாம முந்தி மாதிரியே சிங்களத்துல பேசிக்குவோம். பஸ்ஸுல, கடையில எல்லாம். அன்னைக்குக் கேட்டது ஏழெட்டுப் பேருதான், மறந்துருவாங்க. ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது."

அவன் சொல்வதில் பிழையில்லை. அப்பாவும் இதைத்தான் சொல்வார். ஊர் முழுவதற்கும் அந்த மற்ற லீலாவாக இருந்துவிடலாம், அது பழகிவிட்டது. இவனுக்குமா?

"ஏலாது," என்றாள் மெல்ல.

அவன் முகம் வாடியது.

"பயமெண்டால் ரெண்டு பேரும் வாய் திறக்காமல் நடப்பம். எவ்வளவு தூரமெண்டாலும் வாறன். ஆனா உங்களோட சிங்களத்தில... இனி எனக்கு அது ஏலாது."