கம்பெனிக் கடனுக்கு ஒரு கொலை

காலை ஏழு மணி. மலாயாவின் குளுவாங் கடைத்தெருவில் ஐயாசாமி ரப்பர் கம்பெனி லிமிடெட்டின் கதவைத் திறந்தவர்கள் அலறினார்கள். முதலாளி ஐயாசாமி சாமி படத்துக்குக் கீழே குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ரப்பர் உருட்டும் மெஷினின் இரும்புக் கைப்பிடி, ரத்தமும் மயிருமாகக் கிடந்தது.

யாழ்ப்பாணத்துக்காரரான இன்ஸ்பெக்டர் கனகசபை வருவதற்குள் ஊரே தீர்ப்பு எழுதிவிட்டது. கம்பெனிக்குக் கடன் கொடுத்த சபாபதியைத் தூணில் கட்டி அடித்திருந்தார்கள். தாடை உடைந்து, பல் தெறித்து, பாவம் மனிதர், பேச முடியாமல் ரத்தம் துப்பிக்கொண்டிருந்தார். முதல் அடி இறந்தவரின் மைத்துனன் லெட்சுமணனுடையது. வாயிலேயே அடித்தானாம்.

காரணமும் கைவசம் இருந்தது. 1931ஆம் வருஷ வியாபார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்து கம்பெனி முழுகிப்போனது. லிமிடெட் கம்பெனி, ஆகவே கடன் கம்பெனிச் சொத்தோடு சரி. ஐயாசாமியின் சொந்த வீட்டைச் சட்டப்படி ஒருவரும் தொட முடியாது. சபாபதிக்குப் பட்டை நாமம். ஆத்திரம் வராதா என்றது ஊர்.

கனகசபை எல்லாரையும் வெளியேற்றிக் கதவைச் சாத்தினார். பிணத்தின் வலது கை இறுக மூடியிருந்தது. விறைத்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். உள்ளங்கை நடுவில் கரி, தோல் வெந்திருந்தது. முகர்ந்து பார்த்தார். பிணத்தைச் சாக்கால் மூடிவிட்டு வெளியே வந்து, சபாபதியின் கட்டை அவிழ்க்கச் சொன்னார்.

"லெட்சுமணன், அத்தானைக் கடைசியா எப்ப கண்டனீர்?"

"முந்தாநேத்து சார். நேத்து பூரா பக்கத்து ஊரு ரெங்கத்துல இருந்தேன்."

"காலமை பிணத்துக்குக் கிட்டப் போனனீரோ?"

"வாசல்லேயே நின்னுட்டேன். மனசு வரல."

"சபாபதிதான் எண்டு என்னெண்டு சொல்லுறீர்?"

"அலமாக், ஐயோ, வேற யாரு சார்? அத்தான் உள்ளங்கையக்கூடச் சுட்டிருக்கான், பாவி!"

கனகசபையின் குரல் தணிந்தது.

"கை மூடிக் கிடந்தது. பிரிச்சுப் பாத்தது நான் மட்டும்தான். உமக்கு எப்படித் தெரியும்?"

லெட்சுமணன் ஓரடி பின்வாங்கினான்.

"அது சித்திரவதை இல்லை. கற்பூர வாசம் அடிக்குது. எரியிற கற்பூரத்தைக் கையால அணைச்சுச் சபாபதிக்குச் சத்தியம் செய்திருக்கிறார். கோர்ட் கேக்க ஏலாத கடனுக்குத் தன்ரை வீட்டை வித்துத் தாறன் எண்டு. ஐயாசாமி உயிரோடை இருந்தாத்தானே சபாபதிக்குக் காசு? அவர் ஏன் கொல்லுறார்? நீர் ஒளிச்சு நிண்டு பாத்தீர். சபாபதி போனதும் மண்டையை உடைச்சீர். காலமை அவர் உண்மையைச் சொல்லிப்போடுவார் எண்டு வாயை உடைச்சீர்."

சபாபதி அழுதுகொண்டே ஆமென்று தலையாட்டினார்.

லெட்சுமணன் ஓடப் பார்த்தான். இரண்டு போலீஸ்காரர்கள் அவனைத் தரையில் சாய்த்து முழங்காலால் அழுத்தினார்கள். மூக்கு உடைந்த முகத்தோடு, வாசலில் நின்ற தன் அக்கா, ஐயாசாமியின் மனைவி தனலெட்சுமியைப் பார்த்துக் கத்தினான்.

"சட்டமே கடனக் கட்ட வேணாங்குது, இவரு சத்தியம் பண்றாரு! ஒன் வீட்டக் காப்பாத்தத்தான்க்கா செஞ்சேன்!"

அவள் தம்பியின் அருகில் வந்து குனிந்தாள்.

"வீடு இருக்குடா," என்றாள். "அதுல நான் இனிமே யாரோட இருக்கிறது?"